மாவுக்கு இரண்டு கம்பளி

டிசம்பர் 23, ரயிலில்

இது யார் கையில் கிடைத்திருந்தாலும் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். மூட மனம் வரவில்லை என்றால் படித்துக்கொள்ளுங்கள், ஆனால் வேறு யாருக்கும் காட்டாதீர்கள். எங்கள் தாளாளர் அம்மாவுக்குக் காட்டவே காட்டாதீர்கள். எங்கள் பள்ளியின் ஏழாம் நம்பர் வேனை ஓட்டுபவர் என் அப்பா. அந்த வேனின் சாவி தினமும் சாயங்காலம் தாளாளர் அம்மாவின் மேசை இழுப்பறைக்குள் போகும். காலையில் அவர் மனம் வைத்தால்தான் வெளியே வரும். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

என் பெயர் கோகிலவாணி. ஒன்பதாம் வகுப்பு, நாமக்கல். பள்ளியிலிருந்து மாணவிகளை டெல்லிக்குச் சுற்றுலா அழைத்துப்போகிறார்கள். கட்டணம் கட்டாமல் வருபவள் நான் ஒருத்திதான். "உங்கிட்ட தலைமைப் பண்பு இருக்குது கண்ணு" என்று தாளாளர் அம்மாவே என்னைத் தேர்ந்தெடுத்தார். இன்று என் தலைமைப் பண்பால் எல்லோருக்கும் தட்டு கொடுத்தேன், புளிசாதம் பரிமாறினேன், தட்டுகளைத் திரும்ப வாங்கிக் கழுவினேன், தாளாளர் அம்மாவின் காலுக்குத் தைலம் தேய்த்தேன்.

"ஏய் வாணி, நீ லீடரா, கல்யாண மண்டபத்துல வேலைக்கு வந்தவளா?" என்று என் வகுப்பு ஹர்ஷினி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தினமும் ஒரு பயணக் கட்டுரை எழுதி சௌந்தரவல்லி மிஸ்ஸிடம் காட்ட வேண்டும். அது பகலில் எழுதுவது. இதை ரயில் கழிவறையில் நின்றுகொண்டு எழுதுகிறேன்.

டிசம்பர் 24

எலுமிச்சைசாதம். புளிசாதம். மறுபடியும் எலுமிச்சைசாதம். வெளியே எந்த மாநிலம் என்று யாருக்கும் தெரியவில்லை.

டிசம்பர் 25, டெல்லி

கொல்லிமலையில் எனக்கு ஒரு முறை குளிரெடுத்தது. அது குளிரே இல்லை என்று இன்று தெரிந்தது. இங்கே பேசினால் வாயிலிருந்து புகை வருகிறது. முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் அதற்காகவே பேசினோம்.

ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் வந்தோம். சாலைகள் எங்கள் ஊர் ஏரியைவிட அகலம். அகலமான சாலையின் நடுத்திட்டில் தலைமுதல் கால்வரை போர்த்திக்கொண்டு வரிசையாக ஆட்கள் படுத்திருந்தார்கள். சிலருக்குப் போர்த்திக்கொள்ளச் சாக்குதான் இருந்தது.

"மிஸ், அவங்கெல்லாம் ஏன் அங்க படுத்திருக்காங்க?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள்.

சௌந்தரவல்லி மிஸ் கொஞ்சம் யோசித்தார். "அவங்களுக்குப் பழக்கம்டி. வடக்க எல்லாருமே நல்லாக் குளிர் தாங்குவாங்க."

தாளாளர் அம்மா முன் இருக்கையிலிருந்து திரும்பினார். "எல்லாரும் இந்தப் பக்கம் ஜன்னலப் பாருங்க. அந்தப் பக்கம் ஒண்ணுமில்ல."

இந்தப் பக்க ஜன்னலில் ஒரு பெரிய மதில் தெரிந்தது. மதிலுக்குப் பின்னால் யாரோ முக்கியமானவர் வீடு. மதில் முடியும்வரை பார்த்துக்கொண்டே வந்தோம்.

அப்பா முன்பு லாரி ஓட்டினார். டெல்லிக்கு முட்டை லோடு ஏற்றி வந்த ராத்திரிகளில் தெருவில் ரஜாயை வாடகைக்கு எடுத்துப் படுத்ததாகச் சொல்வார். ரஜாய் என்றால் பஞ்சு மெத்தை மாதிரிப் போர்வை. நாங்கள் அதைக் கதை என்று நினைத்திருந்தோம். அப்பா எனக்குச் சின்ன வயதிலிருந்தே லாரி இந்தியும் கற்றுக்கொடுத்திருக்கிறார்: வண்டியை எங்கே நிறுத்துவது, ரொட்டி எங்கே கிடைக்கும், நான் திருடன் இல்லை.

லாட்ஜ் கரோல் பாக் பக்கத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. என்னை ஹர்ஷினி அறையில் போட்டிருக்கிறார்கள். ஹர்ஷினி வீட்டில் பெரிய கோழிப்பண்ணை. லட்சம் கோழிகளை வளர்க்கிற வீட்டுப் பெண்ணுக்குத் தன் தலையைப் பின்னிக்கொள்ளத் தெரியாது, அதற்குத்தான் நான். அறையில் ஒரே கட்டில், பெரியது. நான் கீழே மெத்தை விரித்திருக்கிறேன். "லீடர்னா எல்லாருக்கும் பக்கத்துல இருக்கோணும்" என்றார் மிஸ். இருக்கிறேன், கட்டில் காலுக்குப் பக்கத்தில்.

இந்தச் சுற்றுலாவின் முக்கியமான பயணியைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். இட்லி மாவு. பெற்றோருக்குக் கொடுத்த நோட்டீஸில் செங்கோட்டைக்கும் மேலே, தடித்த எழுத்தில், "டெல்லியிலும் தினமும் சூடான இட்லி" என்று போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் பிள்ளைகளை அனுப்பினார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரயில் விபத்தைவிடச் சப்பாத்தி மேல்தான் பயம். ஆகவே கல்யாணச் சமையல்காரர் மயில்சாமி அண்ணன் அரிசி, உளுந்து, கிரைண்டர், இட்லிப் பானையோடு எங்களுடன் வந்திருக்கிறார். லாட்ஜ் பின்கட்டில் இன்று மாவு ஆட்டியாயிற்று.

டிசம்பர் 26

மாவு பொங்கவில்லை.

ஆட்டி வைத்தது ஆட்டி வைத்தபடியே, சுண்ணாம்பு மாதிரி, கிடந்தது. மயில்சாமி அண்ணன் உள்ளே விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "செத்துப் போச்சுங்க மேடம்" என்றார். தாளாளர் அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து நாங்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தோம். நாமக்கல்லில் மாவு தானாகவே பொங்கும், பாத்திரத்தைத் தாண்டி வழியும். தலைநகரில் அதற்கும் சிபாரிசு வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

அங்கேயே ஒரு கூட்டம் நடந்தது.

"ஏனுங்க மேடம், உப்புமா போட்டர்லாங்களா?" என்றார் மயில்சாமி அண்ணன்.

"உப்புமாவா? நோட்டீஸ்ல என்ன போட்ருக்குது?"

"கதகதப்பு வேணுங்க மேடம். ஒரு ஹீட்டர், ரெண்டு கம்பளி. கைக்கொழந்தையாட்டம் பாத்துக்கோணும்."

லாட்ஜில் உபரிக் கம்பளி இல்லை என்று மேனேஜர் கைவிரித்தார். தாளாளர் அம்மா குரலை உயர்த்தினார். மேனேஜர் மாடிப்படிக்குக் கீழே போய் ஒரு பழுப்புக் கம்பளியைக் கொண்டுவந்தார். ஓரம் கிழிந்து சிவப்பு நூலால் தைத்தது. இன்னொன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தார். மாவுக்கென்று கீழே தனி அறை எடுத்து ஹீட்டர் போட்டார்கள். மயில்சாமி அண்ணன் அதே தளத்தில் வராந்தாவில் படுத்துக்கொள்கிறார். உள்ளே படுத்தால் அடிக்கடி கதவைத் திறந்து மூடி, மாவுக்குக் காற்றுப் பட்டுவிடுமாம்.

இந்தியா கேட் பார்த்தோம். பக்கத்துப் புல்வெளியில் ஒரு நாய் கம்பளிச் சட்டை போட்டு நடந்துபோனது. அதைப் பிடித்துக்கொண்டு போன பையன் முழுக்கைச் சட்டைகூடப் போடவில்லை. நாய் மூச்சு வாங்க நின்றபோதெல்லாம் அவனும் நின்றான். கட்டுரையில் இதை எழுதினேன். மிஸ் அடித்துவிட்டு, "டெல்லி மக்கள் பிராணிகளிடம் அன்பு மிக்கவர்கள்" என்று திருத்தினார்.

டிசம்பர் 27

மாவு பொங்கியது! எல்லோரும் கைதட்டினோம். தாளாளர் அம்மா பாத்திரத்தோடு படம் எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். இந்தியா கேட் படத்தைவிட இதற்குத்தான் பெற்றோர் அதிகமாகக் கைகூப்பும் பொம்மைகளை அனுப்பியிருக்கிறார்கள்.

தட்டுகளைக் கழுவப் பின்கட்டுக்குப் போனேன். அங்கே ஒருத்தி ஏற்கெனவே கழுவிக்கொண்டிருந்தாள். லாட்ஜைக் கூட்டித் துடைக்கிற அக்கா. பெயர் ஃபூல்மதி, பீகார். குழாய்த் தண்ணீர் ஊசியாகக் குத்தியது. என் கையைப் பார்த்துவிட்டு அவள் என்னைத் தள்ளிவிட்டு நான்கு தட்டுகளை ஒன்றாகக் கழுவினாள். என் லாரி இந்தியைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீ டிரைவர் மாதிரிப் பேசுகிறாய்" என்றாள். "டிரைவர் மகள்தான்" என்றேன். அதன்பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு எளிதாகிவிட்டது.

அவளும் அவளுடைய சின்னக் குழந்தை ரிங்கியும் மாடிப்படிக்குக் கீழே துடைப்பங்கள் வைக்கிற இடத்தில் படுக்கிறார்கள். ரிங்கிக்கு இருமல். மேலே ஒரு கோணிப்பை போர்த்தியிருந்தது. ரிங்கியின் சட்டை ஓரம் சிவப்பு நூலால் தைத்திருந்தது. மாவுக்குப் போர்த்தியிருக்கும் பழுப்புக் கம்பளியின் ஓரத்திலும் அதே நூல், அதே தையல்.

மீதித் தட்டுகளை நான் துடைத்து அடுக்கினேன்.

டிசம்பர் 28

இன்று பாராளுமன்றத்தை வெளியே இருந்து பார்த்தோம். நன்றாக இருந்தது.

வேறொன்றும் எழுதுவதற்கில்லை. மாவு அறைக்கு நான் போகவில்லை.

டிசம்பர் 29

போனேன்.

நேற்று ராத்திரி எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போனேன். பழுப்புக் கம்பளியை உருவி எடுத்து, மடித்து, ஃபூல்மதி அக்காவிடம் கொடுத்தேன். அவள் வாங்க மாட்டேன் என்றாள். ரிங்கி இருமினாள், வாங்கிக்கொண்டாள். மாவுக்கு இன்னொரு கம்பளி இருக்கிறதே, ஹீட்டரும் இருக்கிறதே என்று நினைத்தேன். ராத்திரி கரண்ட் போகும் என்று நான் நினைக்கவில்லை.

இன்று காலை இட்லி வந்தது. ஹர்ஷினி ஒன்றை எடுத்துத் தட்டின்மேல் போட்டாள். டங் என்று சத்தம் வந்தது. "வீட்ல கோழிக்குக் கூட இதப் போட மாட்டாங்க" என்றாள். நோட்டீஸைப் பற்றி எந்தப் பெற்றோரோ போனில் கேட்டுவிட்டார்களாம். தாளாளர் அம்மா நேரே மாவு அறைக்குப் போனார்.

"இன்னொரு கம்பளி எங்க?"

மேனேஜர் மாடிப்படிக்குக் கீழே குனிந்து பார்த்தார். அவ்வளவுதான்.

எங்கள் எல்லோரையும் வரவேற்பறையில் வரிசையாக நிறுத்தினார்கள். எல்லோரும் ஒரே மெரூன் ஸ்வெட்டர், ஒரே குரங்குக் குல்லா. எதிரே ஃபூல்மதி அக்கா ரிங்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். இந்தித் தேர்வுகள் எல்லாவற்றிலும் தேறியவர் என்பதால் சௌந்தரவல்லி மிஸ்தான் மொழிபெயர்ப்பு.

ஃபூல்மதி அக்கா வேகமாகப் பேசினாள். எனக்கு முழுவதும் புரிந்தது. அது அவளுடைய கம்பளிதான், ஊரிலிருந்து அவளே கொண்டுவந்தது, மேனேஜர் கேட்காமல் எடுத்துப்போனார், உங்கள் பெண்களில் ஒருத்தி அதைத் திருப்பிக் கொடுத்தாள், நான் திருடி இல்லை. கடைசி வாக்கியம் அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்ததுதான்.

மிஸ் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்பது அவர் கழுத்து வியர்த்ததிலேயே தெரிந்தது. அந்தக் குளிரில் வேறு யாருக்கும் வியர்க்கவில்லை.

"என்ன சொல்றா?" என்றார் தாளாளர் அம்மா.

"அது வந்துங்க மேடம்... தப்பு பண்ணிட்டேன்னு ஒத்துக்கறாங்க மேடம். மன்னிச்சுக்கச் சொல்லிக் கேக்கறாங்க."

மேனேஜருக்குத் தமிழ் தெரியாது, தாளாளர் அம்மாவின் முகம் தெரியும். கொடுத்த பெண் யார் என்று அவர் ஒப்புக்குக் கேட்டார். ஃபூல்மதி அக்கா எங்கள் வரிசையைப் பார்த்தாள். என்மேல் கண் வந்து நின்றது. பிறகு நகர்ந்தது. "எல்லாம் ஒரே குல்லா. எனக்குத் தெரியாது" என்றாள்.

நாளை சாயங்காலத்துக்குள் அவள் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்றார் மேனேஜர்.

நான் பின்கட்டுக்குப் போய் மயில்சாமி அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும் கண்ணு. நீ தூக்கீட்டுப் போறப்ப வராந்தாலதான் ஒக்காந்திருந்தேன்."

"அப்ப நீங்க சொல்லீருக்கலாமில்லீங்களா அண்ணா?"

"என்னன்னு சொல்லச் சொல்ற? மேடம் ஒருத்தியத் திருடின்னு சொல்லிப் போட்டாங்கன்னா, அப்பறம் அவ திருடிதான். இல்லீன்னா மன்னிப்புக் கேக்கோணுமில்ல? அந்தம்மா ஆருகிட்ட கேட்டிருக்கு? நீ வாயத் தொறக்காத. உங்கொப்பன நெனச்சுக்க."

அப்பாவை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். லாரி விபத்தில் அப்பாவின் இடது கால் மடங்காமல் போய்விட்டது. வேறு யார் அவருக்கு வண்டி கொடுப்பார்கள்?

டிசம்பர் 30

சொல்லிவிட்டேன்.

காலையில் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எழுந்து நின்றேன். "மேடம், கம்பளிய எடுத்துக் குடுத்தது நாந்தானுங்க. அந்த அக்கா எடுக்கல. அது அவங்க கம்பளிதானுங்க."

தாளாளர் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் காதுக்குள் ஏழாம் நம்பர் வேன் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. திடீரென்று அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா பிள்ளைங்களா! ஆரோ ஒரு ஏழைக்காகப் பழியத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கறா. இதாண்டா நம்ம ஸ்கூல் பண்பு!"

"இல்லீங்க மேடம், நெசமாலுமே நாந்தானுங்க."

"போதுங் கண்ணு, போதும். அடக்கத்தப் பாருங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள். மாவு பொங்கிய அன்று தட்டியதைவிடச் சத்தமாக. மிஸ் போனை எடுத்து என்னைச் சுவரோரமாக நிற்க வைத்தார். "மறுபடியும் சொல்லு வாணி. அந்த 'நாந்தானுங்க'வ மட்டும் கொஞ்சம் உருக்கமாச் சொல்லு. கண்ணுல தண்ணி வந்தா இன்னும் நல்லாருக்கும்."

தண்ணீர் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. ஒரே முறையில் எடுத்துவிட்டார்கள். பள்ளி ஆண்டு விழாவில் எனக்குப் 'பண்புச் செல்வி' கேடயம் கொடுக்கப்போகிறார்களாம்.

பிறகு தாளாளர் அம்மா என்னை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கன்னத்தைக் கிள்ளினார். கிள்ளிய விரலை எடுக்காமலே மெதுவாகப் பேசினார். "நீதான்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சயா? கேடயத்த வாங்கிக்கிட்டுச் சும்மா இருக்கோணும். இன்னொருக்கா அவ பக்கம் போனீன்னா, ஏழாம் நம்பர் வேனுக்கு நான் வேற டிரைவரப் பாத்துக்கறேன். நொண்டிக்கால வெச்சுக்கிட்டு உங்கப்பன் எங்க போவான்னு நீயே யோசிச்சுக்க. சரியா கண்ணு?"

"சரிங்க மேடம்" என்றேன்.

பகலெல்லாம் தாமரை மாதிரிக் கட்டிய கோயிலைப் பார்த்தோம். உள்ளே பேசக்கூடாது என்றார்கள். எனக்கு வசதியாக இருந்தது.

சாயங்காலம் திரும்பி வந்தபோது லாட்ஜ் வாசலில் ஃபூல்மதி அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு மூட்டை. கம்பளியை அவளிடமிருந்து வாங்கி மறுபடியும் மாவுக்குப் போர்த்திவிட்டார்கள். எங்கே போவாய் என்று கேட்டேன். மேம்பாலத்துக்கடியில் நெருப்பு மூட்டுவார்கள், இடம் பிடிக்கச் சீக்கிரம் போக வேண்டும், ஆனால் புகையில் ரிங்கிக்கு மூச்சு முட்டும் என்றாள். ரிங்கி இருமவில்லை. இருமக்கூட முடியாமல் விசில் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் பெண்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். நானும் போனேன். யாரோ மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

அறைக்கு வந்து ஹர்ஷினியின் பின்னலை அவிழ்க்கும்போது என் கை அவள் முடியிலேயே நின்றுவிட்டது.

"ஏன்டி அழுவற? கேடயம் சின்னதா இருக்கும்னா?"

நான் பின்னலை இழுத்து அவிழ்த்தேன்.

"நெசமாலுமே நீதான் எடுத்தயா?"

"ஆமா."

"அப்ப அந்தப் பொம்பள திருடலயா?"

"அது அவளோடது ஹர்ஷினி. அவளோட கம்பளிதான்."

ஹர்ஷினி கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க பண்ணையில குஞ்சு வந்த மொத வாரம் ராத்திரியெல்லாம் பல்பு போட்டு வெப்பாங்க" என்றாள். "ஒரு குஞ்சு குளிர்ல செத்தாலும் எங்கப்பா சூப்பர்வைசரத் திட்டுவாரு." மீதிப் பின்னலைத் தானே அவிழ்த்துக்கொண்டாள். "எல்லாரும் சாப்டப் போயிருக்காங்க. பின்கட்டு வழியாக் கூட்டிட்டு வா. எங் கட்டில் பெருசுதான்."

"மேடத்துக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா எங்கப்பா கேட்டுக்குவாரு."

அவளுக்கு அப்பா இருக்கிறார். எனக்கும் இருக்கிறார். இரண்டும் ஒன்றில்லை என்பது அவளுக்குத் தெரியாது. இருந்தும் நான் போனேன். மயில்சாமி அண்ணன் பின்கட்டுக் கதவுப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, தேவையே இல்லாமல், கழுவிய இட்லிப் பானையை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார். வெந்நீர் கேட்டேன், ஒரு தூக்குப் போசி நிறையக் கொடுத்தார். யாருக்கு என்று கேட்கவில்லை.

இப்போது கட்டிலில் ஃபூல்மதி அக்கா சுவரோரம் ஒடுங்கிப் படுத்திருக்கிறாள். இடம் எவ்வளவு இருந்தாலும் அவள் ஒடுங்கித்தான் படுக்கிறாள். நடுவில் ரிங்கி. இந்தப் பக்கம் ஹர்ஷினி, தூக்கத்தில் ரிங்கிமேல் காலைப் போட்டுவிடாமல் இருக்கத் தலையணை வைத்துக்கொண்டு. எங்கள் கம்பளிகள் எல்லாம் அவர்கள்மேல். ரிங்கியின் மூச்சில் விசில் சத்தம் குறைந்திருக்கிறது. காலையில் இவர்களை எங்கே அனுப்புவது என்று யாரும் யோசிக்கவில்லை. அப்பாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று பார்க்கிறேன். அவர் திட்டுவார். திட்டிவிட்டு, குழந்தைக்கு இப்போது எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பார், எனக்குத் தெரி

வராந்தாவில் செருப்புச் சத்தம். ரிங்கி இருமிவிட்டாள். ஃபூல்மதி அக்கா அவள் வாயைப் பொத்துகிறாள். செருப்பு நின்றுவிட்டது. கதவைத் தட்டுகி